நகப்பூச்சு வைத்த திருகு

லியோனா ஹூடாக் தன் தம்பியோடு பேசி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. தூர தேசத்தில் இருக்கிறான் என்றால் சரி, விட்டுத் தொலைக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெரு, ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். சர்ச்சில் அவள் இடது வரிசை, அவன் வலது வரிசை. மளிகைக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தர் பாலைப் பார்ப்பார், இன்னொருத்தர் ரொட்டியைப் பார்ப்பார். பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில், நிலக்கரி தோண்டி ஓய்ந்துபோன அந்தச் சின்ன ஊருக்கு இது பழகிவிட்டது. சாவு வீட்டுச் சாப்பாட்டில்கூட இரண்டு பேருக்கும் இரண்டு மேஜை என்று யாரும் சொல்லாமலே ஏற்பாடாகிவிடும்.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அந்த பஸ்ஸில் போன பிள்ளைகள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் அவள் குரல் கேட்டால் முதுகு தானாக நிமிரும். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். அந்த வாய்தான் இத்தனைக்கும் காரணம் என்று ஊருக்கே தெரியும், அவளைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. தம்பி பொண்டாட்டி டாட்டி.

"லியோனா, நாளைக்குக் காலையில கெளம்புறோம். அரிசோனாவுல பையன் வீட்டுக்கு. ரீஜிஸோட நுரையீரலுக்கு இந்தக் குளிர் இனிமே ஆகாதாம்."

"நல்லது. பத்திரமா போயிட்டு வாங்க."

"போயிட்டு வர்றதாவது. போறதோட சரி. இனிமே அவர் இந்த ஊர்ப் பக்கம் வருவார்னு எனக்குத் தோணல."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டிக்கொண்டிருந்தான். லியோனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் டாட்டி. "அந்தத் தோட்டா போடுற பிரஸ். உங்கப்பா ரெண்டு பேருக்கும்னு வாங்கிக் குடுத்தது. அவர் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, அது உங்க குடும்ப வியாதி. நான் கேக்குறேன். குடுப்பியா?"

"அவன் சுடறத விட்டு எத்தனை வருஷம் ஆச்சு? அவனுக்கு எதுக்கு அது?"

"சுடறதுக்கா கேக்குறாரு? எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுக்கத்தான்."

"பாக்கலாம்," என்று போனை வைத்தாள் லியோனா. வைத்த கையோடு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தாள். கொடுப்பதாகவும் இல்லை, கொடுக்காமல் இருப்பதாகவும் இல்லை. முதலில் கழற்றுவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீம்புக்காரர்கள் மனசு மாறும்போது முதலில் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்வார்கள்.

நிலவறையில் அந்த பிரஸ் பழைய கம்பளிப் போர்வை ஒன்றை முக்காடு போட்டுக்கொண்டு மேஜையோடு மேஜையாக நின்றது. போர்வையை இழுத்ததும் மெழுகு வாசனை வந்தது. முப்பத்தொரு வருஷம் கழித்தும் அதே வாசனை. லியோனா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரீஜிஸ் நேராக இங்கேதான் வருவான். டயர் கடை செஸ்டர் கொடுத்த பழைய ஈயத் துண்டுகளை வாரம் பூராவும் தன் ஷெட்டில் உருக்கி, அச்சில் வார்த்து, மெழுகு தடவி, காப்பி டப்பா நிறையக் குண்டுகளைக் கொண்டுவருவான். கனம் தாங்காமல் டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படி இறங்குவான். "புள்ளத்தாச்சி வர்றா, வழி விடுங்க," என்பாள் லியோனா. ரேடியோவில் பிட்ஸ்பர்க் ஆட்டம் ஓடும். டாட்டி மேலேயிருந்து வால்நட் ரொட்டி வெட்டி அனுப்புவாள். வார்ப்பது அவன் வேலை, பொருத்துவது இவள் வேலை. சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டில் வெடிமருந்து கொட்டி, அதன் வாயில் ஈயக்குண்டை வைத்து, லீவரை இழுத்தால் மேலே இருக்கிற டை என்கிற எஃகுக் குழல் குண்டைக் கூட்டுக்குள் அழுத்தி உட்காரவைக்கும். எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பது டையின் உச்சியில் இருக்கிற ஒரு திருகின் கையில் இருக்கிறது. நூறு தோட்டா என்றால் நூறும் ஒரே ஆழம். ஒரு மயிரிழை இறங்கினால் துப்பாக்கியின் குணமே மாறிவிடும். எதிரே இருக்கிற குறி அட்டைக்கு அது உடனே தெரியும்.

இதில் லியோனா ராட்சசி. ஒவ்வொரு ஞாயிறும் திருகைக் கழற்றி, அடியைத் துணியால் ஒரு துடை துடைத்து, மாதிரித் தோட்டா ஒன்றை வைத்து அளவைப் புதிதாகப் பிடிப்பாள். நூறுக்கு மேல் ஒரே மூச்சில் போடமாட்டாள். ரீஜிஸ் குண்டை ஒவ்வொன்றாக அவள் இடது உள்ளங்கையில் வைப்பான். பேச்சே இருக்காது. வைப்பான், அவள் இழுப்பாள், வைப்பான், இழுப்பாள். நடுவில் எப்போதாவது, "கை நீட்டினா காசு போடுவாங்கன்னு நெனச்சியா, சீக்கிரம் இழு," என்பான். அடி வாங்குவான். கல்யாணம், பிள்ளை, புருஷன், எல்லாம் அவள் வாழ்க்கையில் வந்தது, இருந்தது, போனது. ஆனால் சந்தோஷம் என்று யாராவது கேட்டால் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வரும். இதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம், அக்டோபர். மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி அவர்கள் க்ளப்பிலேயே நடந்தது. போட்டிக்கு முந்தின வாரம் லியோனாவின் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. ராத்திரியும் பகலும் பிள்ளையோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. அறுநூறு தோட்டா வேண்டும். வேறு வழியில்லாமல் ரீஜிஸிடம் விட்டாள். அதற்கு முன்னால் கீழே இறங்கி வந்து, அளவைப் பிடித்து, திருகு நகராமல் இருக்க அதன் மேல் சிவப்பு நகப்பூச்சை ஒரு கோடு இழுத்துக் காயவைத்தாள்.

"இதுல கை வெச்சே, கைய ஒடச்சுடுவேன்," என்றாள்.

"வெக்கல தாயே," என்று ரீஜிஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அந்தக் கை கொஞ்சம் நடுங்கியது. அவன் குடியை விட்டு அப்போது ஏழு மாசம். விட்டுவிட்டேன் என்று அவன் சொன்னான். பதினைந்து வருஷம் குடித்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்? லியோனா நம்பவில்லை.

பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் நம்பர். முதல் நாலு பெட்டியை அவள் பயிற்சிக்கு வைத்துக்கொண்டாள். பொன்னாகச் சுட்டது. போட்டியன்று ஆறாம் பெட்டி, ஏழாம் பெட்டி என்று போகப் போகக் குறி தளர்ந்தது. கடைசிப் பத்துத் தோட்டாவில், அவள் முன்னிலையில் இருக்கும்போது, துப்பாக்கி சிக்கியது. ஒரு தடவை சிக்கினால் மறுபடி சுட விடுவார்கள். மறுபடியும் சிக்கியது. அதற்கு மேல் போட்டி விதி விடாது. ஆறு புள்ளியில் கோப்பை போய்விட்டது.

க்ளப் ஹாலில் நாற்பது பேர் சாசேஜும் முட்டைக்கோஸும் தின்றுகொண்டிருந்தார்கள். லியோனா கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் பேசினாள். "மொத நாலு பெட்டி தெளிவா இருக்கும்போது போட்டிருக்கான், மிச்சத்தை ஊத்திக்கிட்டே போட்டிருக்கான் என் தம்பி! குடிகாரன்கிட்ட குண்டைக் குடுத்தது என் தப்பு!" என்றாள், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

ரீஜிஸ் மறுப்பான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, போய்விட்டான். குற்றவாளி இல்லையென்றால் பேசியிருப்பான் அல்லவா? லியோனாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அவன் க்ளப்பில் கால் வைக்கவில்லை, அவளும் அந்த பிரஸ்ஸைத் தொடவில்லை.

இப்போது அவள் எழுந்து விளக்கைக் கிட்டே இழுத்தாள். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் டையைத் தனியாக எடுக்க வேண்டும். திருகின் மேல் கண் போனது. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. இவள் வைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி.

"சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான் கழுதை," என்று முணுமுணுத்துக்கொண்டு, திருகைக் கழற்றினாள். நகப்பூச்சு சிவப்புத் தூளாக மேஜையில் உதிர்ந்தது.

திருகின் அடியில், குண்டின் மூக்கு வந்து உட்காருகிற குழியில், என்னமோ அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆணியால் நெம்பினாள். பொத்தான் மாதிரி ஒரு துண்டு விழுந்தது. கறுத்துப்போன மெழுகு. அதன் ஒரு பக்கத்தில் ஈயக்குண்டின் மூக்கு அச்சுக் குத்தின மாதிரி பதிந்திருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் திருகைக் கழற்றி ஒரு துடை துடைப்பாளே, எதற்கு? இந்த மெழுகுக்குத்தானே? கரண்டியைக் கழுவிவிட்டுக் குழம்பில் போடுகிற மாதிரி, யோசிக்காமலே செய்து பழகிவிட்ட காரியம். அவனிடம் அதை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் அவனால் செய்ய முடியாது. திருகில்தான் கை வைக்கக் கூடாதே! ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் மெழுகை விட்டுவிட்டுப் போக, மெழுகு ஏற ஏற அடுத்த குண்டு இன்னும் ஆழமாக அழுந்தியிருக்கும். தோட்டா குட்டையாகிக் குட்டையாகித்தான் துப்பாக்கி சிக்கியிருக்கிறது.

அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பெட்டி இருந்தது. முதல் பெட்டியில் மிச்சம் ஏழு தோட்டா. பன்னிரண்டாம் பெட்டி முழுசாக. இவன் லட்சணத்துக்குச் சாட்சி என்று எடுத்து வைத்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். முதல் பெட்டி ஏழும் ஒரே நீளம், மாதிரித் தோட்டாவோடு அச்சாக ஒத்துப்போயின. பன்னிரண்டாம் பெட்டி எல்லாம் குட்டை. ரீஜிஸ் இடது மூலையிலிருந்து வரிசை வரிசையாக நிரப்புவான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். முதல் வரிசை அளந்தாள். இரண்டாவது வரிசை ஒரு இம்மி குறைவு. ஐந்தாவது இன்னும் குறைவு. பத்தாவது வரிசை எல்லாவற்றிலும் குறைவு. ஒரு தோட்டாகூட மேலே ஏறிக் கீழே இறங்கித் தள்ளாடவில்லை. குடித்தவன் கை இப்படி இறங்காது. இவ்வளவு ஒழுங்காக இறங்க வேண்டுமென்றால் ஐம்பது தடவையும் லீவரை ஒரே மாதிரி இழுத்திருக்க வேண்டும். அவளே அப்படி இழுத்திருப்பாளா என்பது சந்தேகம்.

"அடிப்பாவி," என்றாள் லியோனா, தன்னைத்தான்.

அழுகை வந்தது. பஸ் ஓட்டின முப்பது வருஷத்தில் யாரும் பார்க்காத அழுகை. இத்தனை வருஷமும் சாட்சியை அலமாரியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எடுத்து அளந்து பார்க்கத் தோன்றவில்லையே! மேலே ஏறிப் போய் போனை எடுத்தாள். நம்பர் முழுசும் போட்டாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். நாற்பது பேர் முன்னால் கத்தியதைக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டு முடிப்பதா? நாளைக்குச் சாமான் ஏற்ற க்ளப் ஆட்கள் வருவார்கள். அங்கே போய்ச் சொன்னால்தான் அது சொன்னது. கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும்.

சனிக்கிழமை காலை, பனி இன்னும் புல்லில் இருந்தது. ரீஜிஸ் வீட்டு வாசலில் பெரிய லாரி. ஏழெட்டு கிழவர்கள் ஒரு சோபாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டயர் கடை செஸ்டர் வேலை செய்யாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். ரீஜிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் கம்பளி. கிட்டத்தில் பார்த்து இத்தனை வருஷமாகிறது, இவ்வளவு இளைத்திருப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

"ஏய், பஸ்காரம்மா வர்றாப்பா! எல்லாரும் எடத்துல ஒக்காருங்க!" என்றான் செஸ்டர். யாரும் சிரிக்கவில்லை. சோபா பாதி வழியில் நின்றது.

லியோனா காரின் பின்பக்கத்திலிருந்து பிரஸ்ஸைத் தூக்கினாள். ஒருத்தன் உதவிக்கு வந்தான். "தள்ளு," என்றாள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து தம்பியின் காலடியில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"புள்ளத்தாச்சி மாதிரி தூக்கிட்டு வர்ற," என்றான் ரீஜிஸ், பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டு.

அவள் உடனே செஸ்டர் பக்கம் திரும்பினாள். இவன் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும்.

"செஸ்டர், எண்பத்தெட்டுல க்ளப் ஹால்ல நான் இவனைப் பத்தி என்ன சொன்னேன்?"

"எனக்குக் காது கேக்காது லியோனா. மறந்தும் போச்சு."

"நடிக்காத. குடிச்சுட்டு குண்டு போட்டான்னு சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க, கேட்டு நம்புனீங்க. அது பொய். தப்பு என் மேல. இவன் குடிக்கல. நான் வெச்ச திருகை இவன் தொடக்கூட இல்ல. தொட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

கைக்குட்டையைப் பிரித்து அந்த மெழுகுத் துண்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை போதும், வார்த்தவனுக்கு அவன் குண்டு தெரியாதா?

"இது நம்ம குண்டோட மூக்கு," என்றான்.

"திருகுக்கு அடியில இருந்துச்சு. நான் ஒவ்வொரு வாரமும் தொடைப்பேன். உங்கிட்ட சொல்லல. சொல்லாம நகப்பூச்சு வேற வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன்."

"அப்போ... மெழுகா?"

"மெழுகுதான்."

"எல்லாமே மெழுகா, லீ?"

லீ என்று அவளைக் கூப்பிட உலகத்தில் அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். லியோனா தலையை மட்டும் ஆட்டினாள்.

டாட்டி வாசல் கதவோரம் வந்து நின்றாள். ரீஜிஸ் தன் வலது கையைத் தூக்கி, ஏதோ வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"நான் என் கைன்னு நெனச்சேன்," என்றான். "குடிய விட்டதுலேந்து நடுங்கிட்டே இருந்துச்சு. லீவரைப் பாதி இழுத்து விட்டுட்டேனோ, ரெண்டு தடவை அமுக்கிட்டேனோன்னு... அன்னைக்கு நான் குடிக்கலன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு லீ. ஆனா குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன, உன் கோப்பையக் கெடுத்தது இந்தக் கைதானேன்னு போயிட்டேன். முப்பத்தொரு வருஷமா நான் கெடுத்தேன்னுதான் நெனச்சுட்டு இருக்கேன்."

லியோனா கோபக்காரன் ஒருத்தனைச் சந்திக்கத் தயாராக வந்திருந்தாள். திட்டுவான், துரத்துவான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான் என்று ராத்திரி பூரா ஒத்திகை பார்த்திருந்தாள். இதற்கு அவளிடம் ஒத்திகை இல்லை. ஈரப் புல்லில் முழங்காலிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன் கை ஒண்ணும் பண்ணலடா. அளந்து பாத்தேன். என் கையவிட ஒழுங்கா இருந்துச்சு. என்னை மன்னிச்சுடுடா ரீஜிஸ்."

"எழுந்திரு, முட்டி போயிடும்," என்றான். ஆனால் கையை விடவில்லை. செஸ்டர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோபாவைத் தூக்குகிறவர்களைக் காரணமில்லாமல் திட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து ரீஜிஸ் குனிந்து பிரஸ்ஸைத் தடவினான். அவள் மறுபடி மாட்டியிருந்த டையை விரலால் தொட்டான். உச்சியில் ஓட்டை மட்டும் இருந்தது.

"திருகு எங்க?"

"பையில இருக்கு. கழட்டிட்டேன்."

"அளவு?"

"போச்சு. கலைச்சுட்டேன்."

"நீயேவா?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, டாட்டி ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. இருமி முடித்து, மெழுகுத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அங்க அடிக்கிற வெயிலுக்கு அது உருகி சட்டை பாழாகும்," என்றாள் டாட்டி.

"உருகட்டும். வேற சட்டை இல்லையா என்ன?" என்றவன் அக்காவைப் பார்த்தான். "இங்க பாரு லீ. அளவை நான் பிடிக்க மாட்டேன். அதுல கை வெச்சா கைய ஒடச்சுடுவேன்னு ஒருத்தி சொல்லியிருக்கா. பனிக்காலத்துல உனக்கு இங்க என்ன வேலை? வந்து நீயே வெச்சுக் குடு. திருகையும் அப்போ எடுத்துட்டு வா."

"வர்றேன்," என்றாள் லியோனா.

"வா. ஆனா அந்த நகப்பூச்சைக் கொண்டுவராத."